கேட்கத் தெரிந்தவர்களின் வீடுகள்

1924-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர நிர்வாகத்திடம் ஒரு வீட்டின் வரைபடம் அனுமதிக்குப் போனது. கீழ்த்தளத்தில் சமையலறை, வேலைக்காரர் அறை, படிப்பறை என எல்லாவற்றுக்கும் சுவரும் பெயரும் இருந்தன. மேல்தளத்துக்குப் 'பரண்' என்ற பெயர் மட்டும். உண்மையில் அந்தக் குடும்பம் வாழப்போவதே அந்தப் பரணில்தான். அன்றைய விதிகளின்படி படுக்கையறைக்குச் சுவர் வேண்டும். இந்தத் திட்டத்திலோ நகர்த்தி மூடித் திறக்கும் தடுப்புகள்தான் இருந்தன. அதிகாரிகளோடு வாதாடுவதைவிடப் பரண் என்று எழுதிவிடுவது எளிது.

அந்த வீட்டைக் கட்டச் சொன்னவர் ட்ரூஸ் ஷ்ரோடர். மருந்தாளுநராகப் படித்தவர், வழக்கறிஞர் ஒருவரின் மனைவி. 1923-இல் கணவர் இறந்தபோது மூன்று பிள்ளைகள். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதில் கணவருக்கும் அவருக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவே வேலைக்காரர்கள் என்று இயங்கும் அக்கால மேல்தட்டு வீடு அவருக்கு ஒத்துவரவில்லை. தன்னோடு தன் பிள்ளைகள் ஒரே தளத்தில் இருக்கவேண்டும், நண்பர்கள் வந்து கலையும் அரசியலும் பேசும்போது அவர்களும் காதில் வாங்கவேண்டும் என்று நினைத்தார். அதற்கேற்ற வீடு ஊரில் இல்லாததால் கட்டிக்கொண்டார்.

வடிவமைத்தவர் கெரிட் ரீட்வெல்ட். மேசை நாற்காலி செய்யும் தச்சராகத் தொழில் தொடங்கியவர். சிவப்பும் நீலமும் கலந்த அவருடைய நாற்காலியின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். ட்ரூஸின் கணவர் உயிரோடு இருந்தபோதே, 1921-இல், பழைய வீட்டில் ட்ரூஸுக்கென ஓர் அறையை மாற்றியமைத்துத் தந்திருந்தார். அதனால் அந்தப் பெண்மணிக்கு என்ன பிடிக்கும், எது எரிச்சலூட்டும் என்பது அவருக்கு ஓரளவு தெரியும். அப்படியிருந்தும் முதலில் அவர் போட்டுக்கொடுத்த திட்டத்தை ட்ரூஸ் ஒதுக்கிவிட்டார்.

ட்ரூஸ் வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் கட்டிலை இரண்டு விதமாகவாவது போட முடியவேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேண்டும். ஒவ்வோர் அறையிலிருந்தும் நேராக வெளியே போக ஒரு கதவு வேண்டும். இந்தப் பட்டியலில் அழகு பற்றி ஒரு சொல் இல்லை, நிறம் இல்லை, பாணி இல்லை. ஆனால் இதைப் படித்தவுடன் ஒரு மனுஷி கண்முன் வந்துவிடுகிறாள்: அறையை அடிக்கடி மாற்றிப்போடுகிறவள், பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறவள், எந்த நேரமும் எழுந்து வெளியே போகும் உரிமையை விட்டுத்தராதவள்.

பின்னாளில் அளித்த பேட்டிகளில் ட்ரூஸ் அந்த நாட்களை விவரித்திருக்கிறார். மேல்தளச் சுவர்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டது அவர்தான். ரீட்வெல்ட் மகிழ்ச்சியோடு எடுத்துவிட்டார். முழுத் திறப்பாகவே விட்டுவிட்டால் ரீட்வெல்டுக்குத் திருப்திதான். பிள்ளைகளுக்கு இரவில் தனிமை வேண்டும் என்று தடுப்புகளைக் கேட்டு வாங்கியதும் ட்ரூஸ்தான். பகலில் ஒரே கூடம். இரவில் தடுப்புகளை இழுத்தால் மகள்களுக்கு ஓர் அறை, மகனுக்கு ஓர் அறை. மூலைச் சன்னலைத் திறந்தால் சுவரின் மூலையே காணாமல்போய் வயல்வெளி உள்ளே வந்துவிடும். கட்டடக்கலை வரலாற்றில் புரட்சி என்று பேசப்படும் அந்த மேல்தளம், ஒரு தாய் தன் பிள்ளைகளின் பகலையும் இரவையும் யோசித்ததில் பிறந்தது. ரீட்வெல்டின் மேதைமையை இது குறைக்காது. அந்த மேதைமைக்கு வேலை கொடுத்தது யார் என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

ட்ரூஸ் அந்த வீட்டில் 1985-இல் இறக்கும்வரை, அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். மனைவி இறந்தபின் ரீட்வெல்டும் அங்கேயே வந்து 1964-இல் காலமாகும்வரை இருந்தார். பிள்ளைகளில் இளையவர் ஹன் கட்டடக் கலைஞரானார். அந்நாட்டில் அத்தொழிலுக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். 2000-இல் யுனெஸ்கோ அந்த வீட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வீட்டுக்காரரின் ஆளுமையை வெளிப்படுத்தும் வீடு என்றவுடன் நம் மனம் ரசனைக்குப் போய்விடுகிறது. இசைப் பிரியர் என்றால் சுவரில் வீணை. பயணம் விரும்புகிறவர் என்றால் உலக வரைபடம். ஆன்மிக நாட்டமுள்ளவர் என்றால் வாசலில் புத்தர் தலை. உள் அலங்காரத் தொழில் இன்று பெரும்பாலும் இப்படித்தான் ஆளைப் படிக்கிறது. இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1900-லேயே ஒரு கேலிக்கதையாக எழுதிவிட்டார். ஒரு பணக்காரர், தன் வீட்டுக்குள் கலையைக் கொண்டுவர ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்துகிறார். சாம்பல் கிண்ணம் முதல் காலணி வரை எல்லாம் வடிவமைக்கப்படுகின்றன. ஒருநாள் கலைஞர் வந்து பார்த்துக் கோபப்படுகிறார்: படுக்கையறைக்கென வடிவமைத்த செருப்பை அணிந்துகொண்டு பணக்காரர் வேறோர் அறைக்கு வந்துவிட்டார். பிறந்தநாளுக்கு மனைவியும் பிள்ளைகளும் தந்த பரிசுகளை எங்கே வைப்பது என்று கேட்டால் அதற்கும் திட்டு. எல்லாம்தான் ஏற்கெனவே நிறைவாக இருக்கிறதே, புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ள உமக்கு என்ன உரிமை? லோஸ் மிகைப்படுத்தினார் என்று சொல்லமுடியாது. பெல்ஜியத்தின் ஹென்றி வான் டெ வெல்டெ 1895-இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கட்டிய தன் சொந்த வீட்டுக்குப் பொருந்தும்படி மனைவியின் உடைகளையும் வடிவமைத்தவர்.

தவறான பொருத்தத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பிளேனோ என்ற சிற்றூரருகே ஆற்றங்கரையில் நிற்கிறது. சிகாகோவில் சிறுநீரக மருத்துவராக இருந்த எடித் ஃபார்ன்ஸ்வொர்த், வார இறுதியில் தங்க ஒரு வீடு வேண்டும் என்று கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவிடம் கேட்டார். இருவரும் 1945-இல் ஒரு விருந்தில் அறிமுகமானவர்கள். 1951-இல் வீடு முடிந்தது. எட்டு எஃகுத் தூண்கள், வெள்ளைப் பெயிண்ட், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் தூக்கி நிறுத்திய ஒரே அறை, நான்கு பக்கமும் கண்ணாடி. நடுவே குளியலறைகளையும் சமையல் மேடையையும் கணப்படுப்பையும் சேர்த்து மூடிய ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான் வீடு. படத்தில் பார்த்தால் மூச்சு நின்றுவிடும்.

எடித்துக்குத் துணி மாட்ட அலமாரி இல்லை. குப்பைத் தொட்டியை வைத்தால் வெளியிலிருந்து தெரியும். கோடையில் உள்ளே வெந்தது. குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் வழிந்தது. விளக்குப் போட்டால் ஆற்றங்கரைப் பூச்சிகளெல்லாம் வந்தன. உயர்த்திக் கட்டியும் 1954-இல் வெள்ளம் உள்ளே புகுந்தது. தன் வீட்டை எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிட்டார் அந்த மருத்துவர். செலவு மதிப்பீட்டைத் தாண்டிச் சுமார் 74,000 டாலருக்குப் போனது. கட்டணத்துக்காக மீஸ் வழக்குப் போட, எடித் எதிர்வழக்குப் போட்டார். நீதிமன்றம் மீஸ் பக்கம் சாய்ந்தது, இறுதியில் சமரசம். 1953-இல் 'ஹவுஸ் ப்யூட்டிஃபுல்' இதழ் இந்தச் சர்ச்சையை எடுத்துக்கொண்டு, இத்தகைய கட்டடங்கள் அமெரிக்க வாழ்வுக்கே அச்சுறுத்தல் என்று எழுதியது.

இந்தக் கதையை ஆணவக் கலைஞர், அப்பாவிப் பெண் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. வீட்டின் மாதிரி 1947-இலேயே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுவிட்டது. என்ன வரப்போகிறது என்பதை எடித் அறிந்திருந்தார். அந்தக் கனவை விரும்பவும் செய்தார். அவர் கவிதை வாசகர். பின்னாளில் இத்தாலிக்குப் போய் மோண்டாலேயின் கவிதைகளை மொழிபெயர்த்தவர். இருவரும் தத்துவமும் வெளியும் ஒளியும் பேசியிருக்கிறார்கள். குப்பைத் தொட்டி பேசப்பட்டதாகத் தெரியவில்லை. மீஸ் கட்டிய வீட்டில் எடித்தின் ஆளுமை இல்லாமலில்லை. எடித் எப்படி இருக்க ஆசைப்பட்டாரோ அந்த ஆளுமை இருந்தது. இருந்த எடித்துக்குத்தான் இடமில்லை.

அப்படியும் இருபது ஆண்டுகள் அவர் அங்கே தங்கினார். தாழ்வாரத்துக்குக் கொசுவலை அடித்தார், தன் குடும்பத்துப் பொருட்களைக் கொண்டுவந்து போட்டார். 1972-இல் அதை வாங்கிய பீட்டர் பலம்போ கொசுவலையை அகற்றி, மீஸ் வடிவமைத்த நாற்காலிகளைக் கொண்டுவந்து வைத்தார். 2003-இல் ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு விலைபோய் அது அருங்காட்சியகம் ஆனது. 2021-இல் அதன் அதிகாரபூர்வப் பெயரில் எடித்தின் முதற்பெயரையும் சேர்த்தார்கள்.

பெண்கள் கட்டுவித்த வீடுகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஆலிஸ் ஃப்ரீட்மன் 1998-இல் ஒரு முக்கியமான நூல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் புதுமையான வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஏன் பெண்கள் இருக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வழக்கமான அச்சில் அடங்காத குடும்பங்களுக்கு வழக்கமான வீடு பொருந்தவில்லை. ஆகவே அவர்கள் புதிதாகக் கேட்கவேண்டியிருந்தது. விதவை, தனித்து வாழும் மருத்துவர் என்று மேலே பார்த்த இருவருமே அந்த வகையினர்தான்.

பெண்கள் கேட்டுக் கட்டிய இந்த வரிசையில் கொழும்பிலிருந்து ஒரு வீட்டையும் சேர்க்கவேண்டும். எனா டி சில்வா கண்டிய மேட்டுக்குடியில் பிறந்தவர். மாத்தளை அருகே அலுவிகாரை அவருடைய பூர்வீகம். தந்தை, இலங்கையரில் முதல் போலீஸ் மாஅதிபர். கணவரும் அதே பதவியை வகித்தவர். 1960-இல் கொள்ளுப்பிட்டி, அல்பிரட் பிளேஸில் ஒரு சிறிய மனையை வைத்துக்கொண்டு எனா ஜெஃப்ரி பாவாவிடம் போனார். பாவா அப்போது தொழிலுக்குப் புதியவர். முதலில் வழக்கறிஞராக இருந்து, பிறகு லண்டனில் படித்து 1957-இல், தன் முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக் கலைஞரானவர்.

எனா கேட்டது கேட்பவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். தான் பிள்ளைப்பருவத்தில் ஓடி விளையாடிய கண்டிய வளவு வீடுகளைப்போல முற்றமும் திண்ணையும் தாழ்ந்த கூரையும் வேண்டும். ஆனால் நவீன வீடாகவும் இருக்கவேண்டும். கணவருக்கு அலுவலறை, மகனுக்குப் படம் வரையும் கூடம். இவ்வளவும் நகர நெரிசலில், கையகல மனையில்.

வெள்ளையர் விட்டுப்போன பங்களா பாணியில், வீடு நடுவிலும் தோட்டம் சுற்றிலும் இருக்கும். சன்னல்கள் வெளியே பார்க்கும். மனை சுருங்கச் சுருங்க அந்தச் சன்னல்கள் பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்க்கத் தொடங்கின. பாவா வீட்டை உள்பக்கம் திருப்பினார். தெருவுக்கு உயர்ந்த சுவர். உள்ளே நடுவில் பெரிய முற்றம், மூலைகளில் சிறு முற்றங்கள், முற்றங்களைச் சுற்றி அறைகள், ஓட்டுக்கூரை வெளியே நீண்டு திண்ணைக்கு நிழல் தரும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதி முடங்கியிருந்த காலம் அது. எஃகும் கண்ணாடியும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே கல்லும் மரமும் ஓடும் உள்ளூரிலிருந்தே வந்தன. 1962-இல் முடிந்த அந்த வீட்டில் எனா விரைவிலேயே மகனையும் கலைஞர் லக்கி சேனாநாயக்கவையும் சேர்த்துக்கொண்டு பாட்டிக் துணித் தொழிலைத் தொடங்கினார். பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானத்தில் பிறகு தொங்கியது எனாவின் பாட்டிக்தான். வீட்டுக்காரராக வந்தவர் கலைஞரின் கூட்டாளி ஆகிவிட்டார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாவா என்றவுடன் இன்று நினைவுக்கு வரும் முற்றமும் நிழலும் சரிந்த கூரையும் அவருடைய கையெழுத்தாகிவிட்டன. தெற்காசியா முழுக்க அதை நகலெடுத்த விடுதிகள் முளைத்திருக்கின்றன; நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தேடினால் கிடைக்கும். அந்தக் கையெழுத்தின் முதல் எழுத்துகளில் ஒன்றைப் போட வைத்தது எனாவின் பிள்ளைப்பருவ நினைவு. ஒருத்திக்கென வெட்டித் தைத்த சட்டை இன்று எல்லா அளவிலும் கடையில் தொங்குகிறது. ஆளுமை பாணியாக மாறும்போது ஆள் காணாமல்போய்விடுவார்.

எனா 1980களில் அலுவிகாரைக்கே திரும்பிப் போய் அங்குள்ள கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். கொழும்பு வீட்டை 2009-இல் விற்கவேண்டி வந்தது. வாங்கியது பக்கத்து மருத்துவமனை. இடிபட்டுப் போகவேண்டிய வீட்டை ஆர்வலர்கள் கல்லுக்குக் கல், தூணுக்குத் தூண் எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்தில் மறுபடி கூட்டி எழுப்பினார்கள். பல ஆண்டுகள் பிடித்த வேலை. நெரிசலிலிருந்து ஒளிந்துகொள்ள உள்பக்கம் திரும்பிய வீடு, இப்போது ஒளிய வேண்டிய தேவையே இல்லாத மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அறை வாடகைக்கும் கிடைக்கிறது.

ஆளுக்கு அச்சாகப் பொருந்தும் வீடு, அந்த ஆள் போனபின் என்ன ஆகும்? இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது பிரான்ஸில், போர்தோ நகரத்துக்கு மேலே ஒரு குன்றில். ஒரு பத்திரிகை உரிமையாளர் புதுவீடு பற்றிக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸுடன் பேசத் தொடங்கினார். அதற்கு முன் நடந்த கார் விபத்தில் அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். அத்தகையவருக்குத் தரைத்தளத்தில் சரிவுப் பாதைகளோடு எளிய வீடு போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் கேட்டது நேர்மாறு: வீடு சிக்கலானதாக இருக்கவேண்டும், ஏனென்றால் இனிமேல் என் உலகமே அதுதான்.

1998-இல் முடிந்த அந்த வீடு மூன்று தளங்களை அடுக்கியது. நடுவே மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அளவில் ஒரு மேடை, ஹைட்ராலிக் விசையில் மேலும் கீழும் போகும். அதுவே அவருடைய அலுவலறை. கீழே நின்றால் சமையலறையின் ஒரு பகுதியாகிவிடும். மேலே போனால் படுக்கைத் தளத்தோடு சேரும். மேடையின் பக்கத்தில் தரையிலிருந்து உச்சி வரை நீளும் அலமாரியில் புத்தகங்கள். நடக்க முடிந்த மற்றவர்கள் படியேறவேண்டும். அவர் தன் அறையோடு உயர்ந்துவிடுவார். கனமான கான்கிரீட் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தியதுபோன்ற கட்டமைப்பைத் தீர்த்துக்கொடுத்த பொறியாளர் செசில் பால்மண்ட், இலங்கையில் பிறந்தவர்.

வீட்டுக்காரர் 2001-இல் இறந்துபோனார். மேடை இருக்கிறது, அது யாருக்காகப் போய்வந்ததோ அவர் இல்லை. அவருடைய மகள் இணைந்து இயக்கிய 'கூல்ஹாஸ் ஹவுஸ்லைஃப்' என்ற ஆவணப்படம் 2008-இல் வந்தது. அதன் நாயகி வீட்டைப் பராமரிக்கும் பணிப்பெண். தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு குறுகிய சுழற்படியில் ஏறுகிறார், ஒழுகும் இடங்களில் வாளி வைக்கிறார். உலகமே கொண்டாடும் ஒரு வீட்டை அதில் அன்றாடம் உழல்கிறவரின் கண்ணால் காட்டிய அந்தப் படம், பல திறனாய்வுக் கட்டுரைகளைவிட அதிகம் சொல்கிறது. வீட்டுக்காரரின் ஆளுமை வெளிப்பட்டாயிற்று. பெருக்கித் துடைக்கிறவரிடம் யார் கேட்டார்கள்?

நமக்கு அண்மையில் இப்படிக் கேட்டுக் கேட்டுக் கட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் நிலைத்தவர். செலவைக் குறைப்பதற்காகவே அவர் பெயர் பேசப்படுகிறது: எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் மிச்சம், துளைச் சுவரில் சன்னல் செலவு மிச்சம் என்று. இரண்டு குடும்பங்கள் ஒன்றுபோல் இல்லாதபோது வீடுகள் மட்டும் ஏன் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதும் அவருடைய கொள்கைகளில் ஒன்று. நடுவில் ஆள் வைக்காமல் குடும்பத்தோடு நேரே பேசி, கட்டுமிடத்தில் நின்று முடிவெடுப்பது அவர் வழி. ஆளுமையுள்ள வீட்டுக்குப் பெரும்பணம் வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கட்டிய சிறு வீடுகள் பொய்யாக்கிவிட்டன.

தமிழ்நாட்டில் இன்று தனிவீடு கட்டப்போகும் குடும்பம் என்ன கேட்கிறது? மூன்று படுக்கையறை, மூன்றிலும் குளியலறை, வாஸ்துப்படி அக்கினி மூலையில் சமையல், வெளியே ஒரு நல்ல எலிவேஷன். கைப்பேசியில் சேமித்த படங்களைக் காட்டி 'இந்த மாதிரி' என்கிறார்கள். பொறியாளரும் கணினியில் முப்பரிமாணப் படம் போட்டுத் தருகிறார். அதில் தெருவிலிருந்து பார்க்கும் கோணம்தான் முதலில் வரும். வீட்டில் இருக்கப்போகிறவர்கள் தெருவில் நின்று தங்கள் வீட்டைப் பார்ப்பது ஆண்டுக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. பெரும்பாலும் பேசுகிறவர் பணம் போடுகிறவர். புழங்கப்போகிறவர் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். ட்ரூஸும் எனாவும் பெற்றதைப் பெற்றது எப்படி என்றால், கேட்டவரும் புழங்கியவரும் ஒருவராகவே இருந்ததால்தான்.

வாசகர்களில் யாராவது வீடு கட்டும் யோசனையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். கட்டடக் கலைஞரிடமோ மேஸ்திரியிடமோ போகும்போது படங்களைக் கொண்டுபோகாதீர்கள். காலையில் முதலில் எழுகிறவர் யார், அவர் விளக்குப் போட்டால் யார் தூக்கம் கெடும், துணி எங்கே காயும், மாமியார் எந்தச் சன்னலருகே உட்காருவார், பாத்திரம் தேய்க்கிறவர் எந்த வழியாக வருவார், படிக்கிற பிள்ளைக்குக் கதவு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதை எழுதுகிறவர் அந்த வீட்டின் சமையலறையில் அதிக நேரம் நிற்கப்போகிறவராக இருக்கட்டும். அந்த இரண்டு தாளையும் படிக்க மறுக்கும் கலைஞர் எவ்வளவு பெரியவரானாலும் வேறொருவரைப் பாருங்கள்.